ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்: மண்டபத்துக் கணினி மையம் ஒன்றில் இயங்குதள மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

மண்டபத்தில் எங்கள் கணினி மையம் இருக்கும் தெருவிலிருந்து கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மனுத் தட்டச்சு, ஜெராக்ஸ், மீனவர் நலவாரிய விண்ணப்பம், பட்டா சிட்டா நகல், படகுப் பதிவுக்கான தாள்கள், கைரேகை வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தல் ஆகியவையே எங்கள் அன்றாட வேலை. கடையில் மூன்று கணினிகள் உண்டு. அவற்றுள் இரண்டு பழையவையாக வாங்கப்பட்டவை. இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்டவை. உப்புக் காற்று இங்கே எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை என்பதால், புதிய இயந்திரத்தில் பெரிய தொகையைப் போட எங்களைப் போன்ற கடைகள் தயங்குவது வழக்கம்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறைவடைந்தன. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் தேவை. எங்கள் பழைய இரண்டும் அந்த வாசலைத் தாண்டவில்லை. ஓராண்டுக் காலம் புதுப்பிப்புகளை நீட்டித்துப் பெறும் வழி இருந்தது. ஆனால் பிறருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் நாள்தோறும் கடந்து செல்லும் கடையில், பிரச்சினையை ஓராண்டு தள்ளிப்போடுவதைக் காட்டிலும் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறிவிடுவது நல்லது என்று நான் முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. மாறிய முறையில்தான் பிழை இருந்தது. அதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

தீபாவளி கழிந்த வாரத்தில், ஒரு பழைய கணினியில் விண்டோஸை அழிக்காமல் அதன் அருகிலேயே லினக்ஸ் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மிண்ட்டை நிறுவினேன். கணினியைத் திறக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கைரேகைக் கருவிக்கான மென்பொருள் எங்களுக்கு விண்டோஸுக்கு மட்டுமே கிடைத்திருந்ததால், பணம் எடுக்க வருவோருக்கு விண்டோஸ், தட்டச்சுக்கு லினக்ஸ் என்று ஏற்பாடு. நிறுவுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திரை அழகாக வந்தது. இணையம் உடனே கிடைத்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர்கள் வந்தபோதுதான் உண்மையான மாற்றம் தொடங்கியது.

கடிகாரம்

முதலில் தலைகாட்டியது நேரச் சிக்கல். காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் நான்கரை என்று காட்டியது. நேரம் பொருந்தாததால் கைரேகைச் சேவை ஒவ்வொரு முறையும் பிழை சொல்லித் திரும்பியது. பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு வந்து, விரலை நான்கு முறை வைத்துப் பார்த்த ஒரு அம்மா, "எங்க ரேகையெல்லாம் பாறையில தேஞ்சு போச்சு தம்பி, அதான் எடுக்க மாட்டேங்குது" என்று தம் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பாசி எடுக்கும் பெண்களுக்கு ரேகை தேய்வது உண்மைதான். ஆனால் அன்றைய தவறு அவர் விரலில் இல்லை. இதை அவரிடம் பிறகு நேரில் போய்ச் சொன்னேன்.

நான் முதலில் சந்தேகித்தது மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரியை. கணினி அணைந்திருக்கும் நேரத்தில் அதன் உட்கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பழைய இயந்திரங்களில் அது தீர்ந்துபோவதும், தீர்ந்தால் நேரம் தவறுவதும் இயல்பு. ராமநாதபுரம் போய்ப் புதியது வாங்கி வந்து மாற்றினேன். கடிகாரம் அசையவில்லை. நேரத்தைக் கையால் திருத்தினால் அன்று முழுவதும் சரியாக ஓடியது. மாலையில் லினக்ஸுக்குள் போய்விட்டு மறுநாள் விண்டோஸுக்கு வந்தால் மறுபடியும் அதே பிழை.

மூன்று நாள் நேரத்தை ஒரு தாளில் குறித்து வைத்த பிறகே விஷயம் பிடிபட்டது. வித்தியாசம் ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம். தீர்ந்துபோன பேட்டரி ஒரு நாள் ஒரு மணி நேரமும் மறுநாள் பத்து மணி நேரமும் தவறவிடும், அல்லது பழைய ஆண்டுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். தினமும் அளந்து வைத்தாற்போல் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்காது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது என்பது பள்ளிப் பாடம். உட்கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. ஒரே கடிகாரத்தை இருவர் இரண்டு விதமாகப் படித்து, அவரவர் கணக்குப்படி எழுதியும் வைத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்திருந்தது. உட்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஒரே ஒரு வரிக் கட்டளையை, கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்தில் இட்டதும் சிக்கல் தீர்ந்தது.

இதோடு ஒட்டிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் பகுதியில் இருந்த கோப்புகளை லினக்ஸிலிருந்து திறக்க முடிந்தது, சேமிக்க முடியவில்லை. விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதி உறக்கத்தில் நிற்கும் ஓர் அமைப்பு அதில் உண்டு. அந்த நிலையில் உள்ள வட்டுப் பகுதியில் கைவைக்கக் கூடாது என்று லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. அமைப்பை அணைத்ததும் சரியாயிற்று.

"இப்படிக்கு" மட்டும் இரண்டாம் தாளில்

தாசில்தாருக்கும் மீன்துறை அலுவலகத்துக்கும் எழுதும் மனுக்கள் ஒரே பக்கத்தில் முடிய வேண்டும் என்பது எங்கள் கடையின் பழக்கம். லினக்ஸுக்கு மாறிய பின் வந்த முதல் மனுவில், உடல் முழுவதும் முதல் தாளில் இருக்க, "இப்படிக்கு" என்ற சொல் மட்டும் இரண்டாம் தாளின் தலையில் தனியாக வந்து நின்றது. கையெழுத்துக்கு மட்டும் ஒரு தாள் என்றால் யார் ஏற்றுக்கொள்வார்கள்?

காரணம் இரண்டு என்பதால் கண்டுபிடிக்க நேரமாயிற்று. நிறுவும்போது மொழிப் பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்திருந்தேன். அதனால் புதிய ஆவணங்களின் தாள் அளவு அமெரிக்கக் கடிதத் தாளாகிவிட்டது. ஏ4 தாள் 297 மில்லிமீட்டர் உயரம். அமெரிக்கத் தாள் 279 மட்டுமே. பதினெட்டு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ மூன்று வரி. அளவை ஏ4 ஆக்கிய பிறகும் ஒரு வரி மிஞ்சியது. அது எழுத்துருவின் வேலை. அந்த மனுவின் மாதிரி விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவில் அமைந்தது. லினக்ஸில் அது இல்லாததால் வேறொரு தமிழ் எழுத்துரு அந்த இடத்தை நிரப்பியிருந்தது. அளவு 12 என்றே காட்டினாலும் எழுத்தின் அகலமும் வரிகளுக்கு இடைப்பட்ட உயரமும் ஒன்றல்ல. ஒரு காரணத்தைத் திருத்திய உடனேயே "சரியாகவில்லை" என்று சொல்லி அத்திருத்தத்தைக் கைவிட்டிருந்தால், இரண்டையும் கண்டிருக்க மாட்டோம்.

அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்ததன் பெரிய கேடு தாளில் இல்லை, விரிதாளில் இருந்தது. நலவாரிய அட்டை புதுப்பிக்க வேண்டியவர்களின் பட்டியலை நவம்பர் முதல் வாரத்தில் புதிதாகத் தட்டச்சு செய்தோம். 05/11/2025 என்று அடித்தால் நாம் நவம்பர் ஐந்து என்று நினைக்கிறோம். அமெரிக்க முறையில் அது மே பதினொன்று. 25/11/2025 என்று அடித்தாலோ இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், விரிதாள் அதைத் தேதியாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. திரையில் தெரிந்த ஒரே அடையாளம் இதுதான்: பன்னிரண்டாம் தேதி வரையிலானவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றன, பதின்மூன்று முதலானவை இடப்பக்கம் ஒட்டி நின்றன. ஒரு பத்தியில் பாதி இடமும் பாதி வலமும் நிற்பதை நான் பார்த்தேன். அழகுக் குறை என்று நினைத்து எல்லாவற்றையும் நடுவில் நிறுத்திவிட்டேன். இந்த ஆய்வில் நான் மிகவும் வருந்தும் செயல் இதுவே. கணினி தந்த ஒரே எச்சரிக்கையை என் கையாலேயே அழித்தேன்.

பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, அதன்படி ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினோம். பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு அக்கா சுமார் 40 கிலோமீட்டர் பேருந்தில் ராமநாதபுரம் போய், உங்களுடைய தேதி இதில்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார். "கோவத்துக்கு வரல தம்பி, என்ன ஆச்சுன்னு பாருங்க, எனக்குப் பின்னாடி இன்னும் நாலு பேரு கெளம்பி நிக்கிறாங்க" என்றார். அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. அன்று மாலையே வட்டார அமைப்பை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றினேன். அதற்கு முன் பதிவான தேதிகள் அந்த மாற்றத்தால் தாமாகத் திருந்துவதில்லை. மே பதினொன்றாகச் சேமிக்கப்பட்டது மே பதினொன்றாகவே இருக்கும். ஆகவே பட்டியல் முழுவதையும் அட்டை நகல்களை வைத்து மறுபடி அடித்தோம்.

விரல்கள்

எங்கள் கடையில் தட்டச்சு செய்யும் அக்கா, தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் ஹையர் முடித்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் பழைய தட்டச்சுப்பொறியின் விசை அமைப்பிலேயே அடித்து வருகிறார். மனுதாரர் பேசிக்கொண்டே இருக்க, திரையைப் பாராமல், அவர் பேச்சு முடியும்போது மனுவும் முடிந்திருக்கும். நான் லினக்ஸில் நிறுவிக் கொடுத்தது தமிழ்99 விசைப்பலகை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி உருவான அமைப்பு அது. அரசு ஏற்ற தரம். நான் பயன்படுத்துவதும் அதுவே. நல்ல அமைப்பு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. எனக்கு நல்லது எல்லாருக்கும் நல்லது என்று முடிவு செய்ததுதான் தவறு.

"கொடுக்க" என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். தட்டச்சுப்பொறிப் பழக்கத்தில் முதலில் கொம்பு, அடுத்துக் க, அடுத்துக் கால். கண் காணும் வரிசையிலேயே கை போகும். தமிழ்99-இல் க அடித்து ஒ அடிக்க வேண்டும். காது கேட்கும் வரிசையில் கை போக வேண்டும். மூன்று அடி இரண்டாகக் குறைகிறது என்று நான் மகிழ்ச்சியோடு விளக்கினேன். ஆனால் அவர் விரல்கள் அறிந்த க வேறொரு இடத்தில் இருந்தது. சொல்லுக்குச் சொல் நின்றார். அரைப் பக்க மனுவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மொழி மாற்றும் விசையும் மாறியிருந்தது: விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தானையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அழுத்த வேண்டும். சற்றே முன்பின் ஆனால் முதன்மைப் பட்டி திறந்துகொண்டு, அடித்த எழுத்துகள் அதன் தேடு பெட்டிக்குள் போய் விழும். ஒரு நாள் கேட்டார்: "தம்பி, நான் வேலைக்கு ஆகாதுன்னு சொல்லாம சொல்றீங்களோ?" அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. ஆனால் இருபது ஆண்டுத் திறமையை ஒரே இரவில் பிடுங்கி வைத்துவிட்டு, அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தால் வேறு என்ன நினைப்பார்?

தீர்வு முதல் நாளிலிருந்தே அதே திரையில் இருந்தது. உள்ளீட்டு முறைகளின் பட்டியலில் தமிழ்99-க்குக் கீழே தட்டச்சுப்பொறி அமைப்பும் உண்டு. அதைச் சேர்த்துக் கொடுத்தேன். நிறுத்தக்குறிகளில் சில இடம் மாறியிருந்தன. அவற்றை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். மொழி மாற்றுவதற்கு அவர் கேட்ட விசையையே அமைத்தோம். ஒரு வாரத்தில் பழைய வேகம் வந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. எங்கள் ஊரில் அதைத் திறந்து பார்த்தவர்களைவிட அழித்து இடம் தேடிக்கொண்டவர்களே அதிகம். நானும் என் தம்பியின் மடிக்கணினியில் அதைத்தான் செய்தேன். வகுப்பில் ஒரு பருவமாவது அதில் வேலை செய்ய வைத்திருந்தால், இந்தக் கரையில் லினக்ஸ் தெரிந்த கைகள் இன்று தெருவுக்கு ஒன்று இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய கோப்புகள்

மேலே சொன்னவை எல்லாம் தீர்ந்தவை. தீராமல் இருப்பது எழுத்துருக் குறியேற்றச் சிக்கல். எங்கள் பழைய மாதிரி மனுக்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் உள்ளது. பாமினியில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை விலகிவிடும். "அம்மா" என்பது சிறிய எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். லினக்ஸில் முதன்முறை திறந்தபோது, கோப்புகள் எல்லாம் கெட்டுவிட்டன என்று கடையே பதறியது. கெடவில்லை, எழுத்துருக் கோப்பை நிறுவியதும் தமிழ் திரும்பி வந்தது. ஆனால் அது பார்வைக்கு மட்டுமே. தேடினால் கிடைக்காது, அரசு இணையதளப் படிவத்தில் ஒட்டினால் மறுபடி ஆங்கிலக் குப்பையாகிவிடும். தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியெண்கள் தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக அறிவித்துவிட்டது. நாங்கள் பதினைந்து ஆண்டு காலம் அதைத் தள்ளிப்போட்டோம். அந்தக் கடனைத்தான் இயங்குதள மாற்றம் வெளியே கொண்டுவந்தது. விண்டோஸ் 11-க்கே போயிருந்தாலும் அது கடனாகவே இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாமல்.

யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. அவற்றால் செய்ய முடியாத ஒன்று, ஒரு மனுவில் எது பாமினித் தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று பிரித்தறிவது. மீனவர் மனுக்களில் ஆங்கிலம் இல்லாமல் முடியாது. படகின் பதிவெண் ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று ஆங்கில எழுத்துகளோடு வரும். பாமினியில் பெரிய எம் என்பது ஆ. மாற்றுக் கருவி பதிவெண்ணின் நடுவில் இருக்கும் எம்எம்-ஐ "ஆஆ" ஆக்கிவிடுகிறது. பதிவெண் தவறிய மனு திரும்பி வரும். கடலில் படகு பிடிபட்ட வீட்டுக்காரர் கொண்டுவரும் மனுவாக இருந்தால் அந்தத் தாமதத்தின் விலை வேறு. ஆகவே ஒட்டுமொத்தமாக மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டோம்.

அச்சுப்பொறி பற்றிச் சுருக்கமாக. எங்கள் லேசர் பிரின்டர், பக்கத்தை உருவாக்கும் கணக்கைத் தான் செய்யாமல் கணினியில் உள்ள இயக்கி என்னும் மென்பொருளுக்கு விட்டுவிடும் மலிவு வகை. லினக்ஸில் அதற்குச் சரியான இயக்கி கிடைக்கவில்லை. இரண்டு நாள் போராடியபின், அதை விண்டோஸ் கணினியோடு இணைத்து, மனுக்களைப் பிடிஎஃப் ஆக்கி வலையமைப்பு வழியே அனுப்பி அச்சிடுகிறோம். நிறுவும் முன்பே கருவிகளின் பெயரை ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும் இரண்டு நாள்.

இப்போதைய நிலை

பழைய கணினிகள் இரண்டிலும் லினக்ஸ் மட்டுமே இருக்கிறது. இரட்டை இயங்குதள ஏற்பாட்டை எடுத்துவிட்டோம். எட்டாம் தலைமுறைச் செயலி கொண்ட மூன்றாவது கணினி விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டது. கைரேகைக் கருவியும் பிரின்டரும் அதில் இருக்கின்றன. என்னிடம் இதே மாற்றத்துக்கு வழி கேட்கும் கடைக்காரர்களுக்கு நான் சொல்லும் வரிசை, நான் செய்ததற்கு நேர் எதிரானது: முதலில் கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள், அடுத்துத் தட்டச்சு செய்பவரை உட்கார வைத்து அவர் கைக்கு எது வருகிறது என்று கேளுங்கள், பிறகு கருவிகளைப் பாருங்கள், அதற்குப் பிறகே இயங்குதளத்தைத் தொடுங்கள்.

பழைய மனுக்களை அக்காதான் மாற்றிக்கொண்டிருக்கிறார். மாலையில் கூட்டம் குறைந்தபின் ஒரு கோப்பைத் திறந்து, கருவியில் மாற்றி, பதிவெண்ணையும் சர்வே எண்ணையும் அசலோடு ஒப்பிட்டு விரல் வைத்துப் படிக்கிறார். நான் எதிரே அமர்ந்து சரிபார்க்கிறேன். நாளுக்கு இரண்டு, சில நாள் மூன்று. நேற்று முடித்தது படகு உரிமம் பெயர் மாற்றக் கோரும் மனு. அதில் இரண்டு இடத்தில் இருந்த "ஆஆ"வை அழித்துப் பதிவெண்ணைத் திருத்தி, பழைய கோப்பையும் அழிக்காமல் கணினியில் தனிக் கோப்புறையில் போட்டு வைத்திருக்கிறோம்.